தினம் ஒரு தாள் தல்மூத்: வாழ்க்கைக்கு அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது?

கோட்டையூர்க் கணக்கன்:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். முன்பு சிங்கப்பூரில் வேலை. வாட்டர்லூ தெருக் கிருஷ்ணன் கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும், அதே தெருவில் 1878-இல் திறந்த யூத ஜெபாலயம் ஒன்றும் உண்டு. அங்கே போகிற பெரியவர் ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருந்தார். காலையில் வேலையைத் தொடங்கும் முன் தல்மூத் என்ற தடித்த புத்தகத்தை, அதாவது யூத மதகுருக்களான ராபிகளின் சட்ட வாதங்கள் அடங்கிய பழைய நூலை, விரித்து, வரியில் விரலை ஓட்டி, உதடு அசையப் படிப்பார். ஒரு நாளைக்கு ஒரு தாள். அன்றைக்கு உலகத்தில் எந்த ஊரில் யார் படித்தாலும் அதே தாள்தானாம். 1923-இல் வியன்னா மாநாட்டில் மேயிர் ஷபீரோ என்ற ராபி முன்வைத்த யோசனை. மொத்தம் 2,711 தாள், முடிக்க ஏழரை ஆண்டு.

ஊருக்கு வந்த பிறகு நானும் செஃபாரியா தளத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துப் படித்து வருகிறேன். ஒவ்வொரு நாளும் வாழ்க்கைக்கு உதவுகிற பாடம் ஒன்றை எடுத்து நோட்டில் எழுதுவது என்று திட்டம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இப்போது ஓடுவது பலிகள் பற்றிய பகுதி. ரத்தத்தை எந்தப் பாத்திரத்தில் பிடிப்பது, பீடத்தின் எந்த மூலையில் தெளிப்பது என்று பக்கம் பக்கமாகப் போகிறது. அந்தப் பலிகள் நடந்த எருசலேம் கோவில் கி.பி. 70-இலேயே இடிந்துவிட்டது. இதில் எனக்கு என்ன பாடம்?

நோட்டில் பாதி நாள் காலி. மீதி நாளில் எழுதியிருப்பதெல்லாம் ‘பொறுமை வேண்டும்’, ‘நேர்மை வேண்டும்’ ரகம். அதைத் தெரிந்துகொள்ள 2,711 தாள் எதற்கு? தொடர்ந்து படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்:

தினம் ஒரு குறள் படித்தால் நாலு வருஷத்துக்குள் 1,330-ம் முடிந்துவிடும். பொருளும் உடனே புரியும். அடுத்தவர் கோவில் ஆட்டு ரத்தத்தில் போய் ஏன் பாடம் தேடுகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டாலைப் பாய்:

வழிப்போக்கரே, இரண்டையும் படிக்கலாம். ஒன்று மற்றொன்றுக்குப் பகை இல்லை.

கணக்கன் தம்பி, நான் தேவகோட்டை. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். 2020 ஜனவரி 5-இல் இந்தப் பதினான்காம் சுற்று தொடங்கிய அன்றே சேர்ந்தேன். நடுவில் விட்டதும் உண்டு, பிடித்ததும் உண்டு, அது கிடக்கட்டும்.

முதல் காரியமாக அந்த நோட்டை மூடி வை. தினம் ஒரு நீதி வேண்டும் என்று உட்கார்ந்தால் தல்மூத் கை கொடுக்காது. கதையும் நீதியும் அதில் இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலான தாளில் நடப்பது வழக்கு. இரண்டு பேர் வந்து நிற்பார்கள், இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கும். அந்த நியாயம் எதுவரை தாங்கும் என்று இழுத்துப் பார்ப்பதுதான் அந்த ராபிகளின் வேலை. சில இடத்தில் தீராமலே ‘தேய்கூ’, அதாவது வழக்கு அப்படியே நிற்கட்டும், என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அதனால் நீ குறித்து வைக்க வேண்டியது இரண்டே விஷயம். யாருக்கும் யாருக்கும் வழக்கு? எது மாறியிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும்? என்றைக்காவது அதே இரண்டு பேர் உன் வீட்டு வாசலிலேயே வந்து நிற்பார்கள்.

எங்கள் வீட்டில் வந்து நின்றார்கள். வீடு ஐயாவின் அப்பச்சி கட்டியது. முகப்பு, வளவு என்கிற தூண் வைத்த நடுமுற்றம், இரண்டாங்கட்டு எல்லாம் உண்டு. வளவைச் சுற்றி உள்வீடுகள், புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு. சாவிகள் சென்னையிலும் ஈப்போவிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கின்றன. முன்னோருக்குப் படைக்கிற படைப்பு வந்தால்தான் எல்லாக் கதவும் ஒருசேரத் திறக்கும். 2024 ஐப்பசி மழையில் இரண்டாங்கட்டு ஓடு சரிந்து தண்ணீர் உத்திரத்தில் இறங்கிவிட்டது. யார் செலவழிப்பது என்று பேசத் தொடங்கிய உடனே ஒரு பங்காளி, “எனக்கு ஓடும் வேண்டாம் வீடும் வேண்டாம். என் பங்குக்கு வளவுத் தேக்குத் தூணில் நாலைக் கழற்றிக்கொள்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் விலை பேசியாயிற்று” என்றார்.

அந்த ஆனி மாதம்தான் தல்மூத்தில் பாவா பத்ரா படித்திருந்தேன். சொத்து, சுவர், பங்கு, அண்டை வீட்டு ஜன்னல் எல்லாம் வருகிற பகுதி. முதல் அதிகாரத்தின் கடைசியில் பொதுச் சொத்தை எப்போது பிரிக்கலாம் என்று வருகிறது. முற்றம் என்றால் ஆளுக்கு நாலு முழமாவது தேற வேண்டும். பொதுவாகச் சொன்னால், பிரித்த பிறகும் ஒவ்வொரு துண்டுக்கும் பழைய பெயர் நிற்குமானால் பிரிக்கலாம், நிற்காது என்றால் ஒருவர் மற்றவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இருவரும் சம்மதித்தால் சின்னதாகவும் பிரித்துக்கொள்ளலாம். வேதச் சுவடியை மட்டும் இருவர் சம்மதித்தாலும் கிழிக்கக் கூடாது.

இதைத்தான் பங்காளிகள் கூட்டத்தில் கேட்டேன். தூணைக் கழற்றின பிறகு அதற்கு வளவு என்று பேர் நிற்குமா? அவர் அசரவில்லை. “சரி, நிற்காது. அப்போ என் பங்கு எப்படிக் காசாகும்? அதைச் சொல்லுங்கள்” என்றார். அவர் கேட்டதும் நியாயம்தானே?

அதற்கும் 13-ஆம் தாளில் இடம் இருக்கிறது. பிரிக்க முடியாத சொத்தில் ஒரு பங்காளி இன்னொருவரிடம், “விலையை வை. அந்த விலைக்கு என் பங்கை நீ வாங்கு, இல்லை உன் பங்கை நான் வாங்குகிறேன்” என்று கேட்கலாம். இப்படி ஒரு சட்டம் உண்டு என்கிறார் ரவ் யெகூதா, கிடையாது என்கிறார் ரவ் நாக்மான். பின்னால் வந்த அமேமார் உண்டு என்றே முடிக்கிறார். எந்தப் பக்கம் நிற்கப் போகிறோம் என்று தெரியாததால் விலையை ஏற்றிச் சொல்லவும் பயம், இறக்கிச் சொல்லவும் பயம். நம் நாட்டு 1893 பாகப்பிரிவினைச் சட்டமும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. பிரிக்க முடியாத சொத்தை விற்கச் சொல்லிப் பாதிப் பங்கு உள்ளவர்கள் கேட்டால், மற்றப் பங்காளி மதிப்புப் போட்டு அவர்கள் பங்கை வாங்கிக்கொள்ளலாம். வெளியாள் ஒருவர் குடும்ப வீட்டில் பங்கு வாங்கிப் பாகம் கேட்டால், குடும்பத்தார் அந்தப் பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறது.

ஆனால் இதில் ஒரு ஓட்டை. கையில் காசு உள்ளவன்தான் எப்போதும் வாங்குவான். நியூ ஜெர்சிப் பங்காளி எந்த விலைக்கும் தயார், ஊரில் இருக்கிற நான் எந்த விலைக்கும் தயார் இல்லை. தல்மூத் இதையும் விடவில்லை. அப்பன் இரண்டு மகன்களுக்குக் குளியல் கூடமும் எண்ணெய்ச் செக்கும் விட்டுப் போகிறான். ஒருவன் பணக்காரன், ஒருவன் ஏழை. வாடகைக்கு விடக் கட்டியவை என்றால் வாடகையைச் சமமாகப் பிரிக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு என்றால் பணக்காரன், “நீயும் வேலையாள் வைத்துக்கொண்டு வந்து குளி, நீயும் ஒலிவக்காய் வாங்கி வந்து ஆட்டு” என்று சொல்லிவிடலாம். படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஏழைக்கு அது ஒரு பதிலா? ஆனால் வழி அந்த முதல் பாதியில் இருந்தது. சொந்த உபயோகத்தில் இருக்கிறவரைதான் ஏழைப் பங்காளிக்கு நஷ்டம்.

எங்கள் வீட்டை சினிமாப் படப்பிடிப்புக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நாங்கள் கௌரவம் பார்த்துக் கொடுக்காமல் இருந்தோம். இப்போது கொடுக்கிறோம். வருகிற வாடகையில் முதலில் ஓட்டுக்கும் உத்திரத்துக்கும் எடுத்துவிட்டு மிச்சத்தைப் புள்ளிக் கணக்கில் பிரிக்கிறோம். தூண் கேட்ட பங்காளிக்கு இன்னும் என்மேல் வருத்தம்தான். பங்கு மட்டும் மாதம் தவறாமல் போய்விடுகிறது.

அப்புறம் உன் பலிகள். அந்தப் பகுதியின் முதல் வரியைத் திரும்பப் படி. ஒரு பலிக்கென்று ஒதுக்கிய ஆட்டை வேறொரு பலி என்ற நினைப்பில் அறுத்தால், பலி செல்லும், ஆனால் உடையவரின் கடமை தீராது. நீ கணக்கு எழுதுகிறவன், உனக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். பணம் கல்லாவுக்கு வந்துவிட்டது, வரவு வேறொருவர் பேரேட்டில் விழுந்துவிட்டது. ஆனால் பஸ்காப் பலிக்கும் பாவப் பலிக்கும் இந்தச் சலுகை இல்லை, நினைப்புப் பிசகினால் பலியே செல்லாது. எந்தக் காரியத்தில் நோக்கம் பிசகினாலும் பாதியாவது நிற்கும், எதில் மொத்தமும் விழும் என்று ஒரு வாரம் யோசி. நோட்டு தானாக நிரம்பும்.

கோட்டையூர்க் கணக்கன்:

அண்ணே, இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். தல்மூத்தில் பாவா மெட்சியா என்ற பகுதியின் ஐந்தாம் அதிகாரம் முழுக்க வட்டி கூடாது என்றே போகிறது. எங்கள் ஐயா பர்மாவில் லேவாதேவி செய்தவர். நடப்பு வட்டி, ஐந்தொகை என்று கேட்டு வளர்ந்தவன் நான். அந்த அதிகாரத்தைப் படிக்கும்போது கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அதை எப்படி எடுத்துக்கொள்வது?

பட்டாலைப் பாய்:

சங்கடப்பட ஒன்றும் இல்லை. அந்தத் தடை யூதருக்கும் யூதருக்கும் இடையில். பிறரிடம் வாங்கலாம் என்று வேதம் சொல்ல, அதையும் குறுக்க வேண்டும் என்று தல்மூத்திலேயே வாதம் நடக்கிறது. ‘செட்டியாரும் யூதரும் ஒன்று’ என்று சிலர் மேம்போக்காகச் சொல்வார்கள், அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நம் ஆட்களின் பேரேடு வேறு, அவர்கள் சட்டம் வேறு.

ஆனால் கடன் மனிதனை என்ன செய்கிறது என்பதை அவர்கள் கவனித்த மாதிரி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடன் கொடுத்தவன் வாங்கியவன் வீட்டில் ஓசியாகக் குடியிருக்கக் கூடாது, குறைந்த வாடகைக்கும் கூடாது. முன்பு வழக்கமாக முதலில் வணக்கம் சொல்லாதவன், கடன் வாங்கின பிறகு முதலில் சொல்லக் கூடாது. அந்த வணக்கமும் வட்டிதான்!

தங்கை மகன் மெஸ் வைக்கப் பணம் கேட்டான், கொடுத்தேன். வட்டி இல்லை. மருமகனிடம் என்ன வட்டி? ஆனால் அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போனால் இலையைப் போட்டு உட்கார வைத்துவிடுகிறான், நண்டு மசாலா கேட்காமலே வருகிறது. அதற்கு முன்னால் அவனிடம் நான் ஓசியில் ஒரு காபி குடித்ததில்லை. இப்போது சாப்பிட்டதற்குக் காசை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். அவனுக்குக் கோபம், தங்கைக்கு அதைவிடக் கோபம். பத்திரம் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். சாட்சி இல்லாமல் கடன் கொடுத்துவிட்டுப் பிறகு அழுகிறவன் அழுகை கேட்கப்படாது என்று அதே அதிகாரத்தில் 75-ஆம் தாளில் இருக்கிறது.

தொழிலுக்குப் பணம் போடுவதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். போட்டதில் பாதி கடன், பாதி ஒப்படைத்த பணம் என்று கணக்கு. நஷ்டம் வந்தால் ஒப்படைத்த பாதி கொடுத்தவன் தலையில் விழும். லாபத்தில் பங்கு கேட்கிறவன் நஷ்டத்திலும் நிற்கட்டும் என்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

சீப்புச்சீடை ஆச்சி:

நான் இதெல்லாம் படிக்கிறவள் இல்லை. காரைக்குடியில் பலகாரம் போடுகிறேன். வாங்கும் எண்ணம் இல்லாமல் கடைக்காரரிடம் விலை கேட்கக் கூடாது என்று அந்தப் புத்தகத்தில் இருப்பதாக முன்பு இங்கே யாரோ எழுதியிருந்தார்கள். அண்ணே, அது எழுதினவர் கடை வைத்திருக்க மாட்டார். விலை மட்டும் கேட்டுவிட்டு, ஒரு தேன்குழலைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போகிறவர்தான் அடுத்த மாதம் சீர்ப் பலகாரத்துக்கு ஆர்டரோடு வருகிறார். விலை கேட்காதே என்றால் எனக்கு யாவாரமே இல்லை.

வட்டி விஷயத்திலும் ஒன்று கேட்க வேண்டும். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது மாவு போதவில்லை என்றால் பக்கத்து வீட்டில் இரண்டு படி அரிசி வாங்குவோம். திருப்பிக் கொடுக்கும்போது அரிசி விலை ஏறியிருந்தால் அதுவும் வட்டியாகிவிடுமா?

பட்டாலைப் பாய்:

ஆச்சி, உங்கள் அரிசி 75-ஆம் தாளிலேயே இருக்கிறது, ரொட்டியாக. ஒரு பெண் அடுத்த வீட்டுக்கு ரொட்டி கடன் கொடுப்பதென்றால் முதலில் அதற்கு விலை பேசிவிட வேண்டும், கோதுமை விலை ஏறினால் வட்டியாகிவிடும் என்று ஹில்லேல் சொன்னார். மற்ற அறிஞர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்குப் பார்க்காமல் வாங்கலாம், கணக்குப் பார்க்காமல் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். தாராளமாக வாங்குங்கள்.

விலை விஷயத்தில் நீங்கள் சொல்கிறவர் அடுத்த மாதம் வருகிறவர். அவருக்கு வாங்கும் எண்ணம் இருக்கிறது, காசுதான் இன்னும் வரவில்லை. அந்த விதி, வாங்கவே போவதில்லை என்று தெரிந்துகொண்டு உங்களைச் சீடையை நிறுக்க வைக்கிற ஆளைப் பற்றியது. இரண்டு பேரையும் வெளியே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அது கேட்கிறவன் மனசுக்கு மட்டுமே தெரிந்த காரியம் என்று அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். அதனால் அதைக் கடைவாசலில் எழுதி மாட்ட முடியாது.

சீப்புச்சீடை ஆச்சி:

மாட்டவும் மாட்டேன். கணக்கன் தம்பிக்கு ஒரு வார்த்தை: இந்த அண்ணனோடு வாரம் ஒரு நாள் போனில் சண்டை போட்டுப் படியும். தனியாக உட்கார்ந்து நோட்டு நிரப்புவதைவிட அது நடக்கும்.

பட்டாலைப் பாய்:

அவர்கள் படிப்பதும் அப்படித்தான், இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து சத்தம் போட்டு. தம்பி, ஞாயிறு காலை எனக்குத் தோது. 13-ஆம் தாளில் நீ ரவ் நாக்மான் கட்சியை எடுத்துக்கொள், தோற்ற கட்சிக்குத்தான் படிப்பு அதிகம் வேண்டும்.