ரோட்டாவில் பத்து மணி, கதவைப் பூட்டும்போது பத்தே முக்கால்

கிழக்கு லண்டன் மாணவன்:

2024 செப்டம்பரில் மாஸ்டர்ஸ் படிக்க வந்தேன். அக்டோபரிலேயே ஈஸ்ட்ஹாம் பக்கம் ஒரு தென்னிந்திய உணவகத்தில் சர்வர் வேலை கிடைத்துவிட்டது. முதல் இரண்டு நாள் 'டிரயல்' என்றார்கள், அதற்குக் காசு இல்லை. புதிதாக வந்தவன், இங்கே அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஜீரோ ஹவர் கான்ட்ராக்ட், அதாவது வாரம் இத்தனை மணி நேரம் வேலை என்ற உறுதி இல்லாத ஒப்பந்தம். ஒரு வாரம் மூன்று நாள், ஒரு வாரம் நாலு நாள், ரோட்டாவில், அதாவது கடையின் வேலை நேர அட்டவணையில், மாலை 6 முதல் 10 வரை. ஆனால் பத்து மணிக்குத்தான் கடைசி மேசைக்காரர் இன்னொரு காபி கேட்பார். அவர் போன பிறகு நாற்காலிகளை ஏற்றி, மாப் போட்டு, சட்னி டப்பாக்களைக் கழுவி, குப்பையை வெளியே வைத்துவிட்டுக் கிளம்ப 10.40 ஆகும், சில நாள் 10.45. சம்பளச் சீட்டில் எந்த நாளும் நாலு மணி நேரத்தைத் தாண்டியதில்லை.

மார்ச்சில் வேலையை விட்டபோது, எடுக்காத விடுப்புக்கு வர வேண்டிய காசைப் பற்றி மேனேஜரிடம் கேட்டேன்: "அண்ணா, ஹாலிடே பே எவ்வளவு வரும்?"

"பார்ட் டைமுக்கு ஏதுடா ஹாலிடே? நீ வராத நாளெல்லாம் ஹாலிடேதானே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. இரண்டாம் முறை கேட்டபோது பதில் மாறியது: "அதெல்லாம் மணிக்கூலியிலேயே சேர்ந்திருக்கு." என் கூலி மணிக்கு 11.44 பவுண்டு. 2024 ஏப்ரலிலிருந்து 21 வயது முடிந்தவர்களுக்கு அரசாங்கம் வைத்த குறைந்தபட்சக் கூலியே 11.44. அப்படியானால் என் ஹாலிடே பணம் எந்தக் காசுக்குள் ஒளிந்திருந்தது? மணிக்கூலியோடு சேர்த்துக் கொடுப்பதென்றாலும் சம்பளச் சீட்டில் அதைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். என் சீட்டில் அப்படி ஒரு வரியே கிடையாது.

கணக்குப் போட உட்கார்ந்தேன். இங்கே சட்டப்படி ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 52 வாரத்தில் அது போனால் மிச்சம் 46.4. 5.6-ஐ 46.4 ஆல் வகுத்தால் 12.07 சதவீதம். நேரம் மாறி மாறி வேலை செய்பவர்களுக்கு, செய்த மணி நேரத்தில் அத்தனை சதவீதம் விடுப்பாகச் சேரும்.

நான் போனது 92 ஷிஃப்ட். ஷிஃப்டுக்கு 40 நிமிடம் என்றால் கணக்கில் வராத நேரம் 61 மணி 20 நிமிடம், சுமார் 700 பவுண்டு. அதையும் சேர்த்து மொத்தம் 429 மணி நேரம். அதற்கு விடுப்பு கிட்டத்தட்ட 52 மணி நேரம், சுமார் 590 பவுண்டு.

அடுத்து ஒரு பயம் பிடித்தது. மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். காசு வராத நேரமும் வேலை நேரம்தானே, நானே புகார் கொடுத்து நானே மாட்டிக்கொள்வேனோ? ஒவ்வொரு வாரமாகக் கூட்டிப் பார்த்தேன். நாலு நாள் போன வாரத்தில்கூட 18 மணி 40 நிமிடம்தான். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இருபதைத் தாண்டியவர்கள் புகார் கொடுப்பதற்கு முன் விசா விஷயம் தெரிந்த ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

சாட்சி என்று என்னிடம் இருந்தது அம்மாதான். தினமும் கடையை விட்டு வெளியே வந்ததும் "கிளம்பிட்டேன்மா" என்று வாட்ஸ்அப்பில் போடுவேன். திருச்சியில் அப்போது விடியற்காலை நாலு தாண்டியிருக்கும், அவர் எழுந்திருக்கும் நேரம். 92 இரவில் 87 இரவு அந்தச் செய்தி நேரத்தோடு இருந்தது. அதை அப்படியே எடுத்து ரோட்டாப் படங்களோடு சேர்த்தேன்.

கடைக்கு இரண்டு மெயில் போட்டேன், பதில் இல்லை. அப்புறம் ஏகாஸ் போனேன். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று பேசும் அரசு அமைப்பு அது, கட்டணம் கிடையாது. வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றாலும் முதலில் அங்கேதான் போக வேண்டும். சம்பளம் குறைத்துத் தந்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு, அதுதான் எனக்கு இருந்த கெடு. கடைசிச் சம்பளம் மார்ச் 31, ஆகவே ஜூன் 30. பரீட்சை, அசைன்மென்ட் என்று இழுத்தடித்து நான் விண்ணப்பித்தது ஜூன் 21. நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

முழுதாக வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன். 1,294 கேட்டேன், 1,050-க்கு ஒத்துக்கொண்டேன். ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துவிட்டேன், இழுக்கத் தெம்பில்லை.

டூட்டிங் அக்கா:

தம்பி, ஒன்பது நாள் மிச்சம் வைத்துப் போயிருக்கிறீர்கள், உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். என் கதை 2015. எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கடை. அப்பாவுக்குத் தெரிந்தவர், "பிள்ளை, இது உன்ர கடை மாதிரி" என்றுதான் வேலைக்குக் கூப்பிட்டார். சொந்தக் கடை மாதிரி என்றால் நேரம் பார்க்கக் கூடாது என்று அர்த்தம், அது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஒன்றரை வருடத்தில் ஒரு நாளுக்குக்கூட விடுப்புக் காசு தரவில்லை. விலகும்போது வர வேண்டியது 600 பவுண்டுக்குக் கிட்ட. அப்போது தீர்ப்பாயத்துக்குப் போகக் காசு கட்ட வேண்டும். இப்படியான வழக்குக்குத் தொடங்க 160, விசாரணைக்கு 230. அறுநூறைத் தேடி 390-ஐக் கையிலிருந்து போட எனக்குத் துணிவில்லை. ஊரில் சனம் என்ன சொல்லும் என்ற கூச்சம் வேறு. விட்டுவிட்டேன். 2017 ஜூலையில் உயர் நீதிமன்றம், யூனிசன் தொழிற்சங்கம் போட்ட வழக்கில், அந்தக் கட்டணமே சட்டவிரோதம் என்று சொல்லி எடுத்துவிட்டது. இங்கே நாட்டுக்கே மேலான நீதிமன்றத்தைத்தான் சொல்கிறேன். செய்தி பார்த்த அன்று எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது.

லெஸ்டர் பையன்:

எங்கள் கடையில் கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் வேலை செய்தும் டபுள் தரவில்லை. அதையும் கேட்கலாமா?

பழைய சூப்பர்வைசர்:

லெஸ்டர் தம்பி, பேங்க் ஹாலிடேயில் வேலை செய்தால் டபுள் தர வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. கான்ட்ராக்டில் எழுதியிருந்தால்தான் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, உறுதியாக வர வேண்டிய 12.07 சதவீத விடுப்புக் காசை விட்டுவிடாதீர்கள்.

நான் எட்டு வருடம் எதிர்ப்பக்கத்தில் இருந்தவன், திட்டுவதென்றால் திட்டுங்கள். தினமும் காலையில் ஓனர் போன் செய்வார். "நேத்து லேபர் எவ்வளவு சதவீதம்?" விற்பனையில் எத்தனை பங்கு ஆட்களின் சம்பளத்துக்குப் போனது என்று அர்த்தம். சாப்பாடு எப்படிப் போனது என்று கேட்டதே இல்லை. விற்பனை குறைந்த நாளில் அந்த எண்ணைக் கீழே கொண்டுவர ஒரே வழி, பையன்களின் நேரத்தை ரோட்டாவுக்கு வெட்டுவது. 10.40 என்று இருப்பதை 10.00 என்று மாற்ற சிஸ்டத்தில் இரண்டு கிளிக் போதும். நான் செய்திருக்கிறேன்.

ஆனால் வெட்ட முடியாதவை சில உண்டு. ராத்திரி கல்லாவை மூடும்போது வரும் இசட் ரிப்போர்ட்டில் நேரம் அச்சாகியிருக்கும். அலாரம் போட்ட நேரம் அலாரம் கம்பெனியிடம் இருக்கும். அம்மாவுக்குப் போட்ட மெசேஜோடு இவை பொருந்தினால் எந்த ஓனராலும் வாதாட முடியாது.

இன்னொன்று. குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை என்று சந்தேகம் இருந்தால், உங்கள் சம்பளப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேட்கலாம், 14 நாளுக்குள் காட்டியாக வேண்டும். 1998-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. எட்டு வருடத்தில் அப்படி ஒரே ஒரு கடிதம் வந்தது, ஒரு போலந்துக்காரப் பெண்ணிடமிருந்து. அந்த வாரமே அவருக்குக் காசு போய்விட்டது. நம் பிள்ளைகளில் ஒருவர்கூட எழுதியதில்லை.

திருவல்லிக்கேணி:

லண்டனிலேயே இந்தக் கதையா! இங்கே ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோடு ஐந்து பண்டிகை நாள், எல்லாம் சம்பளத்தோடு லீவு. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் அந்த நாள் சம்பளமும் மாற்று விடுமுறையும். 1958-லேயே சட்டம் போட்டாயிற்று. நான் சர்வராக இருந்த மெஸ்ஸில் ஆகஸ்ட் 15-க்கு மிட்டாய் கொடுப்பார்கள். ரெஜிஸ்டரில் 'இரட்டைச் சம்பளம் பெற்றேன்' என்ற இடத்தில் முதல் தேதியே கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

லெஸ்டர் பையன்:

அண்ணா, புகார் கொடுத்த பிறகு அடுத்த வேலைக்கு ரெஃபரன்ஸ் தருவார்களா? எனக்கு அதுதான் பயம்.

கிழக்கு லண்டன் மாணவன்:

எனக்கும் இருந்தது. ஏகாஸ் மூலம் சமாதானமானால் சி.ஓ.டி 3 என்று ஒரு ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். வேலை செய்த தேதிகளையும் பதவியையும் போட்டு ரெஃபரன்ஸ் தர வேண்டும் என்று அதிலேயே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். இரண்டே வரி ரெஃபரன்ஸ்தான். அடுத்த கடையில் அதைச் சரியாகப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.