தைரொயிட் ரிப்போட் நோர்மல் என்கிறார்கள், எனக்கு ஏலாமல் இருக்கிறது

கோப்பாய் ரீச்சர்
மாசி 11, இரவு 9.40

வணக்கம். பிள்ளைகள் இருவரும் நித்திரையான பிறகு இதை எழுதுகிறேன். எனக்கு 36 வயது. ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். வீடு கோப்பாயில், பள்ளிக்கூடம் நெல்லியடிக்கு அங்கால். தினமும் 750ஆம் இலக்க பஸ்ஸில் போய் வருகிறேன்.

ஒன்றரை வருடமாக உடம்பு சொன்னபடி கேட்பதில்லை. மூன்றாம் பாடம் வருவதற்குள் கால் இரண்டும் கனத்துவிடும். கரும்பலகையின் மேல் பாதியில் எழுதுவதையே விட்டுவிட்டேன், கையைத் தூக்கிப் பிடிக்க ஏலாது. வல்லை வெளியில் காற்றுக்கென்று எல்லோரும் யன்னலைத் திறக்க, நான் மட்டும் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு இருக்கிறேன். போன கிழமை வீடு திரும்பும்போது நித்திரையாகி, கோப்பாய் தாண்டி, கல்வியங்காட்டில் கொண்டக்டர் தட்டி எழுப்பினார். தலை இழுத்தால் சீப்பு நிறைய மயிர். மாதவிடாய் ஏழு எட்டு நாள் போகிறது. சாப்பாடு கூடவில்லை, எடை நாலு கிலோ கூடிவிட்டது.

சின்னவனுக்கு இப்போது 22 மாதம். அவன் பிறந்த மூன்றாம் மாதத்தில் கொஞ்ச நாள் நெஞ்சு படபடவென்று அடித்தது, கையும் நடுங்கியது. பால் கொடுக்கிற களை என்றார்கள். அதற்குப் பிறகுதான் இந்த அலுப்பு தொடங்கியது.

அம்மாவுக்குத் தைரொயிட் இருப்பதால் நானே போய் வெளியில் இரத்தம் குத்திக் கொடுத்தேன். தைரொயிட்டை வேலை செய்யத் தூண்டுகிற ரிஎஸ்எச் 2.4, லாப் போட்டிருக்கிற வீச்சு 0.4 முதல் 4.0 வரை. தைரொயிட் சுரக்கிற ஹோர்மோனான ஃப்ரீ ரி4 வீச்சுக்குள்தான், ஆனால் மேல் எல்லைக்குக் கிட்ட. அன்ரி ரிபிஓ என்கிற பிறபொருளெதிரி மட்டும் 412, அது 35க்குக் கீழே இருக்க வேண்டுமாம். ஸ்கானில் சுரப்பி கொஞ்சம் வீங்கி, ஒரு சீராக இல்லாமல் இருப்பதாக எழுதியிருந்தது.

இதைக் கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் டொக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார். "ஹஷிமோட்டோ இருக்கு, ஆனால் லெவல் எல்லாம் நோர்மல். நீங்கள் கனக்க யோசிக்கிறீர்கள். ஒரு வருடம் கழித்துப் பார்ப்போம்." அவ்வளவுதான். ஹஷிமோட்டோ என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்குகிற வருத்தமாம். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுதுவிட்டேன். ஒரு வருத்தம் இருக்கிறது என்றும் சொல்லி, ஒன்றும் இல்லை என்றும் சொன்னால் நான் எதை எடுத்துக்கொள்வது?

இப்போது ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். கனடாவில் இருக்கிற மச்சாள் பார்சலில் முடிக்குளிசையும் கடற்பாசிக் குளிசையும் அனுப்பியிருக்கிறார். கோதுமை மாவை நிறுத்து என்கிறார். மாமி ஒருவர் அம்மாவின் தைரொயிட் குளிசையான தைரொக்சினில் பாதியை உடைத்துப் போட்டுப் பார் என்கிறார். அம்மா 75 மைக்ரோகிராம் போடுகிறார்.

ரிஎஸ்எச் நோர்மலாக இருக்கும்போது ஹஷிமோட்டோவுக்கு மருந்து எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ன செய்தீர்கள்?


நெல்லியடி அக்கா
மாசி 11, இரவு 10.25

தங்கச்சி, முதலில் அம்மாவின் குளிசையில் கை வைக்க வேண்டாம். நான் பதினேழு வருடமாகத் தைரொக்சின் போடுகிறவள். எனக்கும் ஆரம்பத்தில் உங்களைப் போலத்தான், பிறபொருளெதிரி கூட, ரிஎஸ்எச் நோர்மல். ஆறு வருடம் அப்படியே போனது. பிறகு ஒரு தடவை 11 என்று வந்தது, அன்றைக்கே மருந்து தொடங்கினார்கள். அந்த ஆறு வருடமும் நான் வருடா வருடம் இரத்தம் கொடுத்ததால்தான் பிடிபட்டது.

உங்களுடைய அலுப்பு பொய் இல்லை. பொய் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, அம்மா குளிசையை எப்படிப் போடுகிறார் என்று ஒருக்கால் பாருங்கள். நான் கன காலம் தேத்தண்ணீரோடு போட்டேன். அது வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் போட வேண்டியது. அரை மணி, ஏலுமென்றால் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணீர். கல்சியக் குளிசை, இரும்புக் குளிசை என்றால் நாலு மணித்தியாலம் தள்ளி. இது தெரியாமல் என் டோஸைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.


ஆய்வுகூடத்து ஐயா
மாசி 12, காலை 5.50

பிள்ளை, நான் டொக்டர் இல்லை. அரச ஆய்வுகூடத்தில் 31 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். பதில் சொல்ல முதல் இரண்டு கேள்வி. அந்த முடிக்குளிசையில் பயோட்டின் என்ற விற்றமின் இருக்கிறதா, எத்தனை மைக்ரோகிராம்? இரத்தம் கொடுத்தது எத்தனை மணிக்கு?


கோப்பாய் ரீச்சர்
மாசி 12, காலை 6.10

ஐயா, பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். போத்தலைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பயோட்டின் 10,000 மைக்ரோகிராம். தினமும் காலையில் ஒன்று. இரத்தம் கொடுத்தது பள்ளிக்கூடம் விட்ட பிறகு, இரண்டரை மணி இருக்கும். அன்று காலையிலும் குளிசை போட்டேன்.


ஆய்வுகூடத்து ஐயா
மாசி 12, காலை 8.15

அப்படியென்றால் அந்த ரிப்போட்டை வைத்து இப்போதைக்கு ஒரு முடிவும் எடுக்க வேண்டாம்.

பல ஆய்வுகூட மெசின்கள் ரிஎஸ்எச்சை அளக்கும் முறைக்குள்ளேயே பயோட்டின் ஒரு பிடிமானமாகப் பயன்படுகிறது. இரத்தத்தில் வெளியிலிருந்து வந்த பயோட்டின் நிறைந்திருந்தால் அந்தப் பிடிமானம் குழம்பிவிடும். ரிஎஸ்எச் உள்ளதை விடக் குறைவாகக் காட்டும், ஃப்ரீ ரி4 உள்ளதை விடக் கூடக் காட்டும். சில மெசின்களில் பிறபொருளெதிரியும் கூடித் தெரியும். உங்கள் ரி4 மேல் எல்லைக்குக் கிட்ட நிற்பதைப் பார்த்துத்தான் கேட்டேன். எல்லா மெசினும் இப்படி இல்லை, ஆனால் எந்த மெசின் என்று நமக்குத் தெரியாது. சாதாரண அளவு என்றால் இரண்டு நாள் நிறுத்தினால் காணும். உங்களுடையது பெரிய அளவு, ஒரு கிழமை நிறுத்திவிட்டுக் கொடுங்கள். லாப்பிலும் சொல்லுங்கள்.

நேரமும் முக்கியம். ரிஎஸ்எச் இரவிலும் விடியற்காலையிலும் ஏறி, பகலில் இறங்கும். அடுத்த முறை காலை எட்டு மணிக்குள் கொடுங்கள், அதற்குப் பிறகும் எப்போதும் அதே நேரம், அதே லாப். அன்ரி ரிபிஓவைத் திரும்பத் திரும்பச் செய்து காசை விட வேண்டாம். அது இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. ஸ்கானும் சேர்ந்து சொல்வதால் இருக்கிறது என்றே எடுக்கலாம்.

வருத்தம் இருக்கிறது என்றும் ஒன்றும் இல்லை என்றும் சொன்னால் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டீர்கள். நம் தோட்டக் கிணற்று மோட்டரை நினையுங்கள். மோட்டர் பழுதாகத் தொடங்கினால் முதலில் தண்ணீர் குறையாது. கூட நேரம் ஓட விட்டு அதே தண்ணீரை இறைப்போம், கரண்ட் பில்தான் ஏறும். ரிஎஸ்எச் அந்தப் பில். மூளையின் அடியில் இருக்கிற கபச் சுரப்பி, தைரொயிட்டைப் பார்த்து இன்னும் கொஞ்சம் வேலை செய் என்று அனுப்புகிற கட்டளை. பில் இன்னும் ஏறவில்லை என்றால் தண்ணீர் வருகிறது என்றுதான் பொருள். மோட்டருக்குள் தேய்மானம் இல்லை என்று பொருள் இல்லை. லாப் போடுகிற வீச்சும் ஆயிரம் பேருக்குப் பொதுவானது. ஒரு ஆளுடைய சொந்த வீச்சு அதைவிடக் குறுகியது. 1.0இல் இருந்து பழகியவர் 3.8க்குப் போனாலும் ரிப்போட் நோர்மல் என்றே சொல்லும். அதனால் பழைய ரிப்போட்களை எறியாமல் ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

இங்கிலாந்தில் விக்கம் என்ற இடத்தில் ஒரே மக்களை இருபது வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பிறபொருளெதிரி மட்டும் உள்ள பெண்களில் வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் தைரொயிட் குறைபாட்டுக்குப் போனார்கள். ரிஎஸ்எச்சும் சேர்ந்து கூடியிருந்தால் நூற்றுக்கு நாலு பேருக்கு மேல். ஆகவே வருடாவருடம் பார்க்கச் சொன்னது பிழை இல்லை. கனக்க யோசிக்கிறீர்கள் என்று சொன்னதுதான் பிழை.

சரி, நோர்மலாக இருக்கும்போதே தைரொக்சின் போட்டால் அலுப்புப் போகுமா? 2001இல் ஸ்கொட்லாந்தில் சிறிய அளவில் செய்து பார்த்தார்கள். அறிகுறி இருந்து இரத்தம் நோர்மலாக உள்ளவர்களுக்கு உண்மைக் குளிசையும் வெறும் குளிசையும் மாற்றி மாற்றிக் கொடுத்ததில் வித்தியாசம் தெரியவில்லை. தேவையில்லாமல் போட்டால் இதயம் தாளம் தப்பலாம், எலும்பு தேயலாம். மாமியிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. நோர்வேயில் 150 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வந்தது. ஹோர்மோன் அளவு சரியாக இருந்தும் அலுப்பு மாறாத ஹஷிமோட்டோ நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத் தைரொயிட்டை முழுக்க வெட்டி எடுத்தார்கள். அவர்களுக்குக் களைப்பு நன்றாகக் குறைந்தது. நூற்றுக்கு 14 பேருக்குச் சிக்கலும் வந்தது, ஆகவே உங்களை வெட்டச் சொல்லவில்லை. ரிஎஸ்எச் சரியாக இருந்தும் ஏலாமல் இருப்பது மனப்பிரமை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கடற்பாசிக் குளிசையை இன்றே நிறுத்துங்கள். அதில் அயடீன் அளவுக்கு மிஞ்சி இருக்கலாம், ஹஷிமோட்டோவை அது கூட்டலாம். நமக்கு அயடீன் சேர்த்த உப்பும் மீனும் நண்டும் காணும்.

கடைசியாக, ஹீமோகுளோபினும், இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும், விற்றமின் பி12உம் பார்த்தீர்களா? ஏழு எட்டு நாள் இரத்தம் போகிற ஒருவருக்கு அதை முதலில் பார்த்திருக்க வேண்டும்.


சுன்னாகம் தம்பி
மாசி 12, பகல் 12.30

அக்கா, என் மனைவிக்கும் ஹஷிமோட்டோ. கோதுமை மாவை நிறுத்திய பிறகு வயிறு ஊதுவது குறைந்து ஆள் உசாராகிவிட்டார். பாண் இல்லை, றொட்டி இல்லை. புட்டு, இடியப்பம் எல்லாம் அரிசி மாவில்தான், சில நாள் குரக்கன். ஒடியல் கூழில் கோதுமை இல்லைத்தானே. கஷ்டம் ஒன்றும் இல்லை.


ஆய்வுகூடத்து ஐயா
மாசி 12, பின்னேரம் 4.00

தம்பி, உங்கள் மனைவிக்குச் சுகம் வந்தது சந்தோஷம். ரீச்சருக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தைரொயிட் இப்படி உள்ளவர்களில் சிலருக்குச் சீலியக் என்ற, கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் வருத்தமும் சேர்ந்து வரும். அதற்கான இரத்தப் பரிசோதனை கோதுமை சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். வயிற்றுக்கோளாறு இருந்தால் முதலில் சோதித்துவிட்டு நிறுத்தட்டும். சீலியக் இல்லாதவர்களுக்கு மா நிறுத்தினால் தைரொயிட் மாறும் என்பதற்குப் பலமான ஆதாரம் இல்லை.


ஓய்வுபெற்ற மருத்துவிச்சி
மாசி 12, இரவு 8.50

ரீச்சர், பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் நெஞ்சு அடித்து, பிறகு அலுப்பு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். மகப்பேற்றுக்குப் பிறகு வருகிற தைரொயிட் அழற்சி பலருக்கு அப்படித்தான் வரும். முதலில் தேங்கியிருந்த ஹோர்மோன் கசிந்து படபடப்பு, பிறகு குறைந்து சோர்வு. நான் வீடு வீடாகப் போன காலத்தில் இப்படி எத்தனை தாய்மாரைப் பார்த்தேன், எல்லோரும் பிள்ளை வளர்க்கிற களை என்றே இருந்துவிட்டார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் வேகுது.

இன்னொரு பிள்ளைக்கு யோசனை இருந்தால் முதலே சொல்லுங்கள். பிள்ளை தங்கியது தெரிந்த உடனேயே ரிஎஸ்எச் பார்க்க வேண்டும்.


கோப்பாய் ரீச்சர்
வைகாசி 6, இரவு 9.15

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். எல்லாருடைய பதிலையும் கொப்பியில் எழுதிக்கொண்டுதான் போனேன்.

முடிக்குளிசையை ஒன்பது நாள் நிறுத்தி, காலை ஏழரைக்கு இரத்தம் கொடுத்தேன். ரிஎஸ்எச் 4.8. ரி4 வீச்சின் நடுவுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஹீமோகுளோபின் 10.4. ஃபெரிட்டின் 7. பி12 சரி.

ஃபெரிட்டின் 7 என்று பார்த்ததும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் இம்முறை பார்த்த பெண் டொக்டர் ரிப்போட்டைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் படம் கீறி விளங்கப்படுத்தினார். உடம்பில் இரும்பின் சேமிப்பு கிட்டத்தட்ட முடிந்துவிட்டதாம். தைரொயிட் ஹோர்மோனைச் செய்கிற நொதியத்துக்கே இரும்பு வேண்டுமாம், அதனால் ஒன்று குறைந்தால் மற்றதும் தடுமாறும் என்றார். நான் பிள்ளை பிறந்த கதையை முழுக்கச் சொன்னேன், குறுக்கே கதைக்காமல் கேட்டார். தைரொக்சின் இப்போது தரவில்லை. ரிஎஸ்எச் 10க்கு மேல் போனால் யோசிக்காமல் மருந்து தொடங்கலாம், 4க்கும் 10க்கும் இடையில் என்றால் ஆளைப் பார்த்துத்தான் முடிவு என்று சொல்லி, மூன்று மாதம் இரும்பைச் சரி செய்துவிட்டு மறுபடி பார்ப்போம் என்றார். மாதவிடாய்க்கு வேறு கிளினிக்குக்கும் துண்டு எழுதித் தந்தார். அன்று மருந்து கிடைக்காமலே வெளியே வந்தேன், ஆனால் அழவில்லை.

இரும்புக் குளிசையை ஒரு நாள் விட்டு ஒரு நாள், தேசிக்காய்த் தண்ணீரோடு போடுகிறேன். தேத்தண்ணீரை அதிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன். மலச்சிக்கல் கொஞ்சம் கூடியிருக்கிறது, அதற்கு யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

ஐந்தாவது கிழமையில் ஒரு நாள், என்னை அறியாமலே கரும்பலகையின் மேல் வரியில் திகதி எழுதியிருந்தேன். முன் வாங்கில் இருக்கிற பிள்ளை ஒன்று, "ரீச்சர் இண்டைக்கு மேல எழுதிட்டா" என்றது. வல்லை வெளியில் இன்னும் குளிர்கிறது, மயிர் கொட்டுவதும் நிற்கவில்லை. இரும்பு எவ்வளவு, தைரொயிட் எவ்வளவு என்று ஆவணியில் இரத்தம் கொடுக்கும்போது தெரியும்.

நெல்லியடி அக்கா, நீங்கள் சொன்ன மாதிரி அம்மாவைக் கவனித்தேன். இருபது வருடமாகக் குளிசையையும் பால் தேத்தண்ணீரையும் ஒரே மிடறில் விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். இப்போது எழும்பின கையோடு தண்ணீரில் குளிசையைப் போட்டுவிட்டு, முற்றத்தில் பூ ஆய்ந்து, சாமிக்கு வைத்து முடித்த பிறகுதான் கேத்தலை அடுப்பில் வைக்கிறார்.