ஸ்பைவெயார்: ஒற்றா, உளவா, வேவா?

உவர்மலையிலிருந்து:

அன்பின் நண்பர்களுக்கு,

நாம் எழுதும் வீட்டுக் கணினிக் கையேட்டின் நான்காம் பகுதி ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறது. ஸ்பைவெயாரைத் தடுக்க எந்த மென்பொருளைத் தெரிவுசெய்வது என்பதுதான் அந்தப் பகுதி. தடுக்கவேண்டிய சாமானுக்கே பெயர் இல்லையென்றால் மீதியை எப்படி எழுதுவது?

ஆங்கிலத்தில் அந்தச் சொல் 1995 இல் யூஸ்நெட் என்ற பழைய இணையக் கலந்துரையாடல் அரங்கில் ஒரு கிண்டலாகத்தான் தலைகாட்டியது. இன்றைக்கு மூன்று குணம் சேர்ந்தால் அந்தப் பெயர் பொருந்தும்: உரிமையாளரின் தெளிவான சம்மதம் இல்லாமல் குடியிருப்பது, அவரைப் பற்றிய தகவலைத் திரட்டுவது, திரட்டியதை வெளியே அனுப்புவது.

நான் முன்வைப்பது 'ஒற்றுநிரல்'. திருக்குறளின் 59ஆம் அதிகாரமே ஒற்றாடல். ஒற்றன் பார்ப்பதோடு நிற்பவன் அல்லன், பார்த்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன். மூன்றாவது குணமும் சொல்லுக்குள் வந்துவிடுகிறது.

அன்புவழிபுரத்திலிருந்து:

> நான் முன்வைப்பது 'ஒற்றுநிரல்'.

ஐயா, இரண்டு பாதியிலும் இடிக்கிறது. நிரல் என்றால் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எக்செலில் மேலிருந்து கீழே இறங்கும் கட்டங்கள். நிரை, நிரல் என்று கணித வகுப்பிலேயே பழகியது. புரோகிராமுக்கு நாங்கள் செய்நிரல் என்கிறோம். ஒற்று இன்னும் மோசம். 'ஒற்று நீக்கும் மென்பொருள்' என்று எழுதினால், க், ச், த், ப் மிகுந்த இடங்களைத் திருத்தித் தரும் என்று நம்பித் தமிழாசிரியர்கள்தான் வாங்குவார்கள்.

உலாவி, வருடி போலச் சுருக்கி 'ஒற்றி' ஆக்கலாமே என்று யாரும் கேட்கமுன் சொல்லிவிடுகிறேன்: காணி உறுதி வாசித்தவர்களுக்கு ஒற்றி என்பது ஈடு வைத்த காணி. 'வேவி'யும் சரிவராது. அந்த இகரம் வினையில் ஏறுவது (உலாவு, வருடு), வேவு பெயர்ச்சொல். இதே அச்சில், பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வெயாரைக் கப்பத்திலிருந்து 'கப்பி' ஆக்கினால் அது கிணற்றடிக்குப் போய்விடும்.

2021 இல் பெகாசஸ் என்ற ஸ்பைவெயார் பற்றிய செய்தி வந்தபோது பத்திரிகைகள் 'உளவு மென்பொருள்' என்று எழுதின. தேடுபவர்கள் அதைத்தான் தட்டுவார்கள். அதையே வைத்துக்கொள்வோம்.

கிண்ணியாவிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

உளவு என்று போட்டால் கையேடு தோற்கும். பெகாசஸ் அரசுகளுக்கு விற்கப்பட்ட சாமான், நுழைவது கைபேசிக்குள். அதே பெயரை வீட்டுக் கணினிக்கும் வைத்தால் 'என்னை ஆர் உளவு பார்க்கப் போறான்' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். உளவு, புலனாய்வு என்ற சொற்களுக்கு இந்த ஊரில் ஏற்கெனவே வேறு கனம் உண்டு. வீட்டுக் கணினியில் நடப்பது சில்லறைத் திருட்டு: உலாவியில் சேமித்த கடவுச்சொல், குக்கி (நாம் உள்நுழைந்திருப்பதைத் தளத்துக்கு நினைவூட்டும் சிறு பைல்), வங்கி அட்டை எண். வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவனுக்கு நாம் சொல்வது வேவு. போர்க்காலத்து வேவு விமானம் என்ற பழைய நினைவும் அதில் ஒட்டியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'வேவு பார்க்கிறான்' என்பது அயலவனைப் பற்றியும் தினசரி சொல்லப்படுவது. தீம்பொருள் (மல்வெயார்) என்ற சொல்லோடு ஒத்துப்போக 'வேவுப்பொருள்' என்கிறேன்.

பெயர் தெளிவில்லாததால் தெரிவே பிழையாகிறது. வைரஸுக்கு ஒன்று, வேவுப்பொருளுக்கு இன்னொன்று என்று இரண்டு காவல் மென்பொருள்களைப் போடுகிறார்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. மைக்ரோசொஃப்ட் 2004 டிசெம்பரில் ஜயன்ட் என்ற நிறுவனத்தை வாங்கி, அதன் சரக்கை விண்டோஸ் டிஃபெண்டர் ஆக்கியது. விண்டோஸ் விஸ்டாவில் அது வேவுப்பொருளை மட்டுமே பிடித்தது. 2012 இல் வந்த விண்டோஸ் 8 தொடக்கம் வைரஸும் அதன் பொறுப்பு. இன்று பெயருள்ள எந்தக் காவல் மென்பொருளும் இரண்டையும் பார்க்கிறது. இரண்டை ஒன்றாக ஓடவிட்டால், திறக்கும் ஒவ்வொரு பைலையும் இரண்டும் இடைமறிக்கும். ஒன்று பிடித்துவைத்ததை மற்றது திறக்கப் பார்க்கும். 4 ஜிபி ரேம் உள்ள கணினி அதோடு சரி.

அதனால் கையேட்டில் இப்படி எழுதுங்கள்: நிரந்தரக் காவலுக்கு ஒன்று, கூப்பிட்டால் மட்டும் வரும் இரண்டாம் சோதனைக்கு ஒன்று. முதலாவதற்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். இரண்டாவதற்கு மல்வெயார்பைட்ஸ் இலவசப் பதிப்பு. நிறுவியதும் 14 நாள் கட்டணப் பதிப்புச் சோதனை தொடங்கினால், அந்தக் காலத்தில் அது காவல் பதவியை எடுத்துக்கொண்டு டிஃபெண்டர் ஒதுங்கிவிடலாம். 15ஆம் நாள் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிஃபெண்டர் திரும்பவும் வேலைக்கு வந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும்.

டிஃபெண்டரில் மூன்று இடங்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். 'அப் அன்ட் பிரவுசர் கொன்ட்ரோல்' பகுதியில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் சொடுக்கி ஓன் ஆகி, அதன் கீழுள்ள இரண்டு பெட்டியிலும் சரிக் குறி இருக்கவேண்டும். இலவச மென்பொருளோடு ஒட்டிவரும் கருவிப்பட்டைகள் அதில்தான் மாட்டும். காவல் அமைப்புகளை வேறு மென்பொருள் மாற்றாமல் தடுக்கும் 'டம்பர் புரொடெக்ஷன்' ஓன் ஆக இருக்கவேண்டும். மூன்றாவதுதான் அதிகம் தவறவிடப்படுவது: 'எக்ஸ்க்ளூஷன்ஸ்', அதாவது சோதிக்காமல் விடவேண்டியவற்றின் பட்டியல். திருட்டு விண்டோஸைச் செயற்படுத்தும் கருவிகள் தங்களைப் பிடிக்காமலிருக்க அதில் ஒரு கோப்புறையை, சிலவேளை சி டிரைவ் முழுவதையுமே சேர்த்துவிடுகின்றன. பச்சைக் குறி தெரியும், சோதனையில் ஒன்றும் அகப்படாது. வீட்டுக்காரர் தாமாகச் சேர்க்காத எதையும் அங்கிருந்து நீக்கவேண்டும்.

காவல்காரனே வேவு பார்ப்பதும் உண்டு. அவாஸ்ட் தன் பாவனையாளர்களின் உலாவல் விபரங்களை ஜம்ப்ஷொட் என்ற துணை நிறுவனத்தினூடாக விற்றது 2020 இல் அம்பலமானது. 2024 இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 16.5 மில்லியன் டொலர் கட்ட வைத்தது. இலவசம் என்று கண்டவுடன் அதன் தனியுரிமைப் பக்கத்தையும் புரட்டுங்கள்.

மூதூரிலிருந்து:

கிண்ணியாச் சேர் சொன்ன வேவுப்பொருளுக்கு என் வாக்கு. கூடவே மூன்று சொற்கள்.

தட்டும் விசைகளைப் பதிந்து திருடும் கீலொகருக்கு 'விசைவேவு'. விசைப்பதிவி என்று சிலர் எழுதுகிறார்கள். அது விசைப்பலகை மென்பொருள்போலத் தொனிக்கிறது. தமிழர்களுக்கு இந்தக் குழப்பம் சொல்லோடு நிற்கவில்லை. எ-கலப்பை போன்ற தட்டச்சுக் கருவிகளும் விசையை இடைமறித்துத்தான் தமிழ் எழுத்தாக மாற்றுகின்றன. விசைவேவு செய்வதும் அதே இடைமறிப்பு. எனவே காவல் மென்பொருள் தட்டச்சுக் கருவியைச் சந்தேகிக்கலாம். கருவியை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியிருந்தால் அந்த ஒரு பைலுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். பென் டிரைவில் கைமாறி வந்ததென்றால் அழித்துவிட்டுப் புதிதாக இறக்குவதே நல்லது. 2019 மே மாதப் பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 இலேயே தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் இருக்கின்றன. அவற்றைப் பாவித்தால் இந்தத் தொல்லையே வராது.

இப்படி நல்லதைக் கெட்டது என்று பிடிப்பதற்குப் 'பொய்ப்பிடி'. காவல் மென்பொருள்களைச் சோதிக்கும் ஏவி-டெஸ்ட் நிறுவனத்தின் தரப்படுத்தலில் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளி, மொத்தம் 18. பொய்ப்பிடி கணக்கில் வருவது மூன்றாவதில். மொத்தத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஸ்கான் செய்வதற்கு 'துருவல்'. வருடல் கடதாசியை வருடும் பொறிக்கு இருக்கட்டும். வழமையான துருவலில் நீங்காமல் திரும்பத் திரும்ப வருவதற்கு 'டிஃபெண்டர் ஓஃப்லைன்' துருவல் வேண்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது வேவுப்பொருள் தன்னை மறைக்கும். இது விண்டோஸ் எழும்புமுன் துருவுவதால் மறைய இடமில்லை. ஸ்கான் ஒப்ஷன்ஸில் தெரிவுசெய்தவுடன் கணினி அணைந்து எழும்பும், ஏறக்குறைய 15 நிமிடம் எடுக்கும். திறந்திருக்கும் வேலையை முன்னரே சேமிக்கவேண்டும்.

நீக்கியபின் கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றவேண்டும். மாற்றினால் மட்டும் போதாது. குக்கி களவுபோயிருந்தால் கள்ளன் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே இருப்பான். 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்தவேண்டும்.

உவர்மலையிலிருந்து:

சரி, ஒற்றுநிரலைத் திரும்பப் பெறுகிறேன். கையேட்டில் முதல்முறை 'வேவுப்பொருள் (உளவு மென்பொருள்)' என்றும் அதன்பின் வேவுப்பொருள் என்றும் வரும். தேடுபவர்களுக்கும் வழி இருக்கும். எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்கவேண்டாம்: விளம்பரங்களைத் திணிக்கும் அட்வெயாரை 'விளம்பரப்பொருள்' என்றால் கடையில் விற்கும் சாமானாகிவிடும், ஆகவே விளம்பர மென்பொருள். ரான்சம்வெயார் கப்ப மென்பொருள். விசைவேவு, பொய்ப்பிடி, துருவல் மூன்றும் ஏற்பு.

ஒன்றை மட்டும் விட மனமில்லை. ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்கவேண்டும் என்று அதே அதிகாரம் சொல்கிறது. நாம் சொல்லும் இரண்டாம் சோதனை அதுதானே? அதற்கு 'மறுவொற்று' என்று வைக்கலாமா?

அன்புவழிபுரத்திலிருந்து:

> 'மறுவொற்று' என்று வைக்கலாமா?

மறுதுருவல் போதும் ஐயா.