எட்டுப் பக்கத்தில் முடிந்துவிடும் துயரம்: தட்சுமியின் படக்கதைகள் குறித்து ஓர் ஐயம்

கேள்வி

முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியில் வாசிப்பைத் தொடங்கியவன் நான். படக்கதை என்றால் துரத்தலும் துப்பறிதலும், கடைசிப் பக்கத்தில் குற்றவாளி அகப்படுவதும்தான் என்று நெடுங்காலம் பழகிவிட்டேன். சென்ற மாதம் நண்பர் ஒருவர் ஜப்பானியப் படைப்பாளி யோஷிஹிரோ தட்சுமியின் சிறுகதைத் தொகுப்புகள் இரண்டை ஆங்கிலத்தில் இரவல் தந்தார். மாண்ட்ரியாலின் ட்ரான் அண்ட் குவார்ட்டர்லி பதிப்பகம் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டவை. ஒரே இரவில் இரண்டையும் முடித்தேன். அடுத்த இரண்டு நாள்கள் எந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை.

என் ஐயங்கள் இரண்டு. முதலாவது, கதைகள் முடிகின்றனவா, அறுந்து போகின்றனவா என்பதே விளங்கவில்லை. தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவன், தனக்கிருக்கும் ஒரே துணையான குரங்கை விலங்குக்காட்சிச் சாலையின் குரங்குக் கூட்டத்தில் கொண்டுபோய் விடுகிறான். அவை அதைக் கடித்துக் குதறிவிடுகின்றன. அவன் அழுவதில்லை, எவரும் அவனுக்கு ஆறுதல் சொல்வதுமில்லை. இரண்டாவது, ஏறக்குறைய எல்லாக் கதைகளிலும் நாயகனுக்கு ஒரே முகம். இது ஓவியரின் குறைபாடா, அல்லது நான் கவனிக்கத் தவறிய நோக்கம் ஏதேனும் உண்டா?

மறுமொழி 1

தங்கள் முதல் ஐயத்துக்கு விடையின் ஒரு பகுதி வெறும் பக்கக் கணக்கில் இருக்கிறது. 2005 ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள கதைகள் 1969 இல் வரையப்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இதழில் கிடைத்த இடம் எட்டே பக்கங்கள். பக்கத்துக்கு ஆறேழு கட்டங்கள் என்று வைத்துக்கொண்டாலும் ஐம்பதைச் சுற்றித்தான் வரும். அதற்குள் ஒருவனின் வேலையையும் வீட்டையும் வீழ்ச்சியையும் காட்டியாக வேண்டும் என்றால், ஆறுதல் சொல்ல வருபவருக்குக் கட்டம் மிஞ்சாது. ஆனால் அந்த நெருக்கடியைத் தட்சுமி குறையாக வைத்துக்கொள்ளாமல் முறையாகவே ஆக்கிக்கொண்டார் என்பது என் எண்ணம். அவருடைய நாயகர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. மனைவியும் மேலாளரும் பக்கத்து வீட்டுக்காரரும் பேசிக்கொண்டே இருக்க, அவர்கள் குனிந்த தலையோடு நிற்கிறார்கள். உரைநடையில் ‘அவன் மௌனமாக இருந்தான்’ என்று எழுதினால் அதுவும் ஒரு பேச்சாகிவிடும். படத்திலோ பேச்சுக்குமிழ் இல்லாத கட்டமே போதும்.

இந்தக் கதைகள் யாருக்காகத் தோன்றின என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒசாகாவில் 1935 இல் பிறந்த தட்சுமி, வாடகை நூல் நிலையங்களுக்காக வரைந்து வளர்ந்தவர். நம் ஊர்களில் ஒரு காலத்தில் தெருவுக்கொன்றாக இருந்த லெண்டிங் லைப்ரரிகளை நினைத்துக்கொண்டால் அந்தச் சூழல் ஓரளவு பிடிபடும். அங்கே வந்தவர்களில் சிறுவர்கள் மட்டுமல்லாமல், பட்டறைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்த்த இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களுக்கான கதைகளைச் சிறுவர் வேடிக்கையிலிருந்து பிரித்துக் காட்டவே 1957 இல் ‘கெகிகா’, அதாவது நாடகத்தன்மை கொண்ட படங்கள், என்ற பெயரை அவர் உருவாக்கினார். பிறகு வந்த 1964 ஒலிம்பிக்கையும் புல்லட் ரயிலையும் உலகமே வியந்தது. அதே டோக்கியோவில் சாக்கடை தூர்வாருபவனையும், நெரிசல் நேரத்தில் பயணிகளை ரயில் பெட்டிக்குள் நெட்டித் தள்ளும் ஊழியனையும் தட்சுமி வரைந்தார். அந்த ஊழியனே கடைசியில் கூட்டத்தால் பெட்டிக்குள் தள்ளப்படுவதைத் தாங்களும் படித்திருப்பீர்கள். அதற்குப் பின் என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை அல்லவா? மறுநாள் காலையும் ரயில் வரும்.

முகம் ஒன்றாக இருப்பது குறைபாடு அன்று. அவன் பெயரை மறந்துவிடுகிறோம், வேலையை மறப்பதில்லை.

மறுமொழி 2

மேலே எழுதியவர் சொன்ன வரலாற்றை ஏற்கிறேன்; ஆனால் இவ்வளவு தாராளமாகப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. 1969 ஆம் ஆண்டுக் கதைகளில் வரும் பெண்கள் எத்தனை பேர் ஏமாற்றுபவர்களாகவோ நச்சரிப்பவர்களாகவோ இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தன் கையை இயந்திரத்துக்குக் கொடுத்து இழப்பீடு வாங்கித் தரும் கணவனுக்குக் காட்டும் பரிவில் பத்தில் ஒரு பங்கை அவன் மனைவிக்கும் காட்டியிருந்தால் கதை இன்னும் கனத்திருக்கும். நாயகனுக்குத் தனிமை, நாயகிக்குப் பேராசை என்பது ஒரு கட்டத்துக்கு மேல் சூத்திரமாகிவிடுகிறது. ஒரே இரவில் படித்ததால்தான் தங்களுக்கு எல்லாம் ஒரே முகமாகத் தெரிந்தது என்றும் சொல்வேன். இரவுக்கு ஒரு கதை போதும்.

அதே காலத்தில் ‘காரோ’ இதழில் எழுதிய குனிகோ சுரிதாவையும் தேடிப் பாருங்கள். 1965 இல், பதினெட்டு வயதில் அங்கே அறிமுகமானவர். 1985 இல் நோயால் மறைந்தார். அவருடைய கதைகளில் சோர்ந்து கிடப்பவர்களும் பெண்கள், அதைக் கண்டு சிரிப்பவர்களும் பெண்கள்.

மறுமொழி 3

அதிர்ச்சியையும் துயரத்தையும் நாம் இங்கே ஒன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றுகிறது. குரங்கு குதறப்படுவது அதிர்ச்சி. மெல்லிய துயரம் வேண்டுமானால் அமெரிக்கர் வில் ஐஸ்னரிடம் செல்லலாம். 1978 இல் வெளிவந்த அவருடைய தொகுப்பின் முதல் கதை, வளர்ப்பு மகளை அடக்கம் செய்துவிட்டுக் கொட்டும் மழையில் பிராங்ஸ் குடியிருப்புக்குத் திரும்பும் ஒருவரின் குனிந்த முதுகோடு தொடங்குகிறது. அந்த மழைக்கோடுகள்தான் அங்கே புலம்பல். ஐஸ்னரின் சொந்த மகள் 1970 இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தாள் என்பது தெரியாமல் படித்தாலும் அந்தப் பக்கங்கள் கனக்கும்.

கிளீவ்லாந்தில் மருத்துவமனை எழுத்தராக வேலை பார்த்த ஹார்வி பீக்கர் இன்னும் எளியவர். அவருக்குப் படம் வரையத் தெரியாது. குச்சி மனிதர்களைக் கிறுக்கி ஓவியர்களிடம் கொடுப்பார். 1976 முதல் தம் கைக்காசில் வெளியிட்ட அவருடைய இதழில், பல்பொருள் அங்காடியில் எந்த வரிசையில் நிற்பது என்பதே ஒரு கதை. யாரும் சாவதில்லை.

இன்னொன்று. முதியவளான தாயைத் தனி அறையில் குடிவைக்கும் மகனைப் பற்றிய தட்சுமியின் கதை தங்களிடமுள்ள இரண்டாவது தொகுப்பில் இருக்கிறது. வயதானவர்களை மலையில் கொண்டுபோய் விட்டுவரும் பழங்கதை ஜப்பானில் எல்லோரும் அறிந்தது. தலைப்பே அதைத்தான் நினைவூட்டுகிறது. ஆகவே அந்நாட்டு வாசகருக்கு என்ன நடக்கும் என்பதில் மர்மம் இல்லை. மகன் அதை எப்படித் தாங்கப் போகிறான் என்று பார்த்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டுகிறார். முடிவைத் தேடும் தங்கள் பழக்கம் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு தாயும் மகனும் வரும் அந்த ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொண்டேன். முடிவு தெரிந்திருந்ததால் அவசரம் இல்லை. வசனங்களை விட்டுவிட்டு முதலில் படங்களை மட்டும் பார்த்தேன், பிறகு சொற்களோடு சேர்த்துப் பார்த்தேன். பெண்களைப் பற்றிய குற்றச்சாட்டு நியாயமானது. முதல் வாசிப்பில் அது என் கண்ணில் படவே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நூல்களைத் திருப்பிக் கொடுக்க நண்பரிடம் இன்னும் ஒரு மாதம் தவணை கேட்டிருக்கிறேன்.