மறு: 551-க்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். உணவுப் பொட்டல லேபிளில் 551, 536 போன்ற எண்களால் குறிக்கப்படும், தூளும் உப்பும் கட்டியாகாமல் காக்கும் பொருளுக்கு (anticaking agent) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பது கேள்வி. அதற்கு வந்த பதில்களுள் ஒன்று:

> ‘ஈர உறிஞ்சி’ என்றே வைத்துவிடலாமே. படித்ததும் புரியும்.

இந்தப் பெயர் வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்கிறேன். மாத்திரைப் புட்டியிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம்தான் ஈர உறிஞ்சி. உண்ணக் கூடாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். 551 என்பது உணவுத் தூளிலேயே கலந்து நாம் உண்ணும் சிலிக்கன் டை ஆக்சைடு. வேதியியல்படி இரண்டும் ஒரே இனம் என்றாலும், வயிற்றுக்குள் போவதற்கும் தூக்கி எறிய வேண்டியதற்கும் ஒரே பெயர் இருக்கலாகாது. பத்தாம் வகுப்புப் பாடநூல் வேறு, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள்களை ‘ஈரம் உறிஞ்சும் சேர்மங்கள்’ என்கிறது. அப்படிப் பார்த்தால் ஈரத்தை உறிஞ்சிக் கெடும் பூண்டுத் தூளுக்கும் அதைக் காப்பாற்றும் பொருளுக்கும் ஒரே பெயராகிவிடும்.

இன்னொன்று: எல்லா எண்களும் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. உப்புப் பொட்டலத்தில் காணும் 536, பொட்டாசியம் பெர்ரோசயனைடு. அது உப்புப் படிகம் வளரும் வடிவத்தை மாற்றுகிறது. படிகங்களுக்கிடையே உண்டாகும் பிணைப்பு வலுவிழந்து, தட்டினால் உடைந்துவிடுகிறது. ஈரம் உள்ளே வந்தாலும் உப்பு பாறையாவதில்லை.

‘கட்டித்தடுப்பி’ என்ற முன்மொழிவும் பொருந்தாது. மருந்துக் கடையில் நிற்பவர் அதை உடம்பில் வரும் கட்டிக்கான மருந்து என்றுதான் நினைப்பார். ‘கட்டிதட்டாப் பொருள்’ என்றாலோ, தான் கட்டி தட்டாத பொருள் என்றே இலக்கணம் பொருள் தரும்; பிறிதொன்றைத் தட்டாமல் காப்பது என்ற கருத்து அதில் வராது. இங்கே மதுரையில் கேழ்வரகு மாவைக் கரைக்கும்போது உருண்டை விழுவதையும் கட்டி தட்டுவது என்றுதான் சொல்கிறார்கள். அது நீருக்குள் நடப்பது. நமக்கு வேண்டியது உலர்ந்த தூளுக்குள் நடப்பதற்கான சொல்.

அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் தானே கிடைக்கும். சித்திரை வெயிலில் முண்டு மிளகாயையும் மல்லியையும் காயவைத்து மில்லில் அரைத்து வருகிறோம். தூள் சூடாக இருக்கும். செய்தித்தாளில் பரப்பி ஆறவிடாமல் டப்பாவில் அடைத்தால் உள்ளே ஆவி குளிர்ந்து நீராகும். ஐப்பசி மழையில் அந்த டப்பாவை அடிக்கடி திறந்தாலும், கொதிக்கும் குழம்புக்கு மேலே பிடித்துக் கவிழ்த்தாலும் இதே கதைதான். தூளின் மணிகளுக்கிடையே மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. இந்தக் கட்டத்தில் ஒட்டல் மட்டுமே, விரலால் உதிர்த்துவிடலாம். பிறகு காற்று உலர்ந்ததும் படலம் வற்றுகிறது. அதில் கரைந்திருந்த உப்பு, சர்க்கரை போன்றவை கெட்டியாகி மணிகளைப் பிணைக்கின்றன. தூள் இறுகிவிட்டது. ஈரம் வந்தது தொடக்கம். கேடு முழுமையாவது ஈரம் போகும்போது.

ஆகவே என் முன்மொழிவு: நிகழ்வுக்கு ‘இறுகல்’, பொருளுக்கு ‘இறுகல் தடுப்பி’. கீழமாசி வீதி மொத்தக் கடைக்காரரிடம் சரக்கு இறுகிவிட்டது என்றால் விளக்கம் கேட்கமாட்டார். சிமெண்ட் மூட்டை இறுகும், யூரியா மூட்டையும் இறுகும். சமையலறைக்கென்று ஒரு சொல், உரக்கடைக்கென்று ஒரு சொல் என்று பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. லேபிளில் ‘இறுகல் தடுப்பி (551)’ என்று ஒரே வரியில் அடங்கும். புணர்ச்சி விதிப்படி ‘இறுகற்றடுப்பி’ என்று எழுத வேண்டும் என்பவர்களுக்கு என் வேண்டுகோள்: பிரித்தே எழுதுவோம், அச்சில் படிக்க வேண்டியவர்கள் எல்லா வயதினரும்தான்.

உப்பு ஜாடியில் அரிசி போடுகிறோமே, அதுவும் இறுகல் தடுப்பியா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. அரிசி, 551 போலத் தூளோடு கலந்து ஒவ்வொரு மணியையும் பூசிப் பிரித்து வைப்பதில்லை. பக்கத்தில் இருந்து ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அதை ஈர உறிஞ்சி என்றே அழைக்கலாம். அந்தப் பெயருக்குரிய இடம் அதுதான்.

இன்னும் ஒரு சொல் மீதம் இருக்கிறது. தூய சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீர்த்துக் கரையத் தொடங்கும். ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. மக்னீசியம் குளோரைடு கலந்த கல்லுப்புக்கு அது இன்னும் தாழ்வு, அதனால்தான் மழைக்காலத்தில் கல்லுப்பு முதலில் கசிகிறது. இந்த எல்லைக்குக் ‘கசிவெல்லை’ என்று வைக்கலாமா? குழாய்க் கசிவோடு குழம்பும் என்று யாருக்காவது தோன்றினால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து