புதிய ரயில் விளையாட்டு வரப்போகிறது: உங்கள் வீட்டில் யார் என்ன சொன்னார்கள்?

திருப்பாதிரிப்புலியூர்க்காரன்:

வரப்போகும் ரயில் விளையாட்டின் முன்னோட்டக் காட்சியை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் பேச்சு நேராக விலைக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போய்விடும். நான் கேட்பது வேறு. அதைப் பார்த்தபோது உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள்? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற லோகோ பைலட் ஒருவர் இருக்கிறார். உறவு கிடையாது, ஆனாலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். விழுப்புரத்தில் நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டு வேலையைத் தொடங்கியவர். பிறகு மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதையில் டீசல் எஞ்சின், அதற்குப் பிறகு அகலப்பாதை. நம் பாதைக்கு மின்கம்பி வருவதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்தித்தாள் வாங்க வந்தவரை உட்கார வைத்து முன்னோட்டத்தைப் போட்டேன்.

இரவு, மழை, கண்ணாடியில் வைப்பர் ஓடுகிறது. தூரத்தில் ஒரு சிக்னல். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்னல் தெரிந்த நொடியில் மாமா கையை நீட்டி, "மஞ்சள்!" என்று உரக்கச் சொல்லிவிட்டார். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவருக்கு வெட்கமாகப் போயிற்று. எஞ்சினில் இருவர் இருப்பார்கள், ஒருவர் சிக்னலைப் பார்த்து உரக்கச் சொன்னால் மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அந்தப் பழக்கம் தூக்கத்திலும் போகாது என்று விளக்கினார். பிறகு திரையைக் காட்டி, "இந்த ஆள் யாரிடம் சொல்வான்? பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறதே" என்றார்.

இத்தனை வருடமாக விளையாடுகிறேன். அந்தக் காலி இருக்கை ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை.

விடவில்லை நான். என் கணினியில் ஓபன் ரெயில்ஸ் என்ற இலவச ரயில் விளையாட்டு இருக்கிறது. ஓட்டிப் பாருங்கள் என்று விசைப்பலகையைத் தள்ளினேன். டி விசை இழுவையைக் கூட்டும், ஏ குறைக்கும், மேற்கோள் குறி விசை பிரேக், அரைப்புள்ளி விசை அதை விடுவிக்கும். மாமா ஒரு விரலால் தட்டித் தட்டி ஓட்டினார். வண்டி நன்றாகத்தான் போயிற்று. பிளாட்பாரம் வந்தது. வண்டி நிற்காமல் போய், எஞ்சினும் மூன்று பெட்டிகளும் அந்தப் பக்கம் வெளியே நின்றன.

வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டியவர். நான் சிரித்திருக்கக் கூடாது, சிரித்துவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியின் அடிப்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். "பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்பது இங்கேதான் தெரியும். கண்ணுக்குத் தெரிவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்" என்றார். பிரேக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ காற்றழுத்தம் இருக்கும். அதில் அரைக் கிலோ குறைத்தால் முதல் பெட்டியில் பிரேக் பிடித்து, அது வால் வரைக்கும் பரவ வேண்டும். 24 பெட்டி என்றால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். விடுவிக்கும்போது அத்தனை குழாயிலும் காற்று மறுபடி ஏற வேண்டும், அதற்குள் இன்னொரு முறை பிரேக் தேவைப்பட்டால் மாட்டிக்கொள்வோம். பின்னால் பெட்டிகள் தள்ளுவதும் இழுப்பதும் இடுப்பில் தெரிந்துகொண்டே இருக்குமாம். "உன் கணினியில் இடுப்புக்கு ஒன்றும் வரவில்லையே" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்.

முதலியார்பேட்டைக்காரர்:

அண்ணா, எங்கள் ஊரில் ரயிலை எஞ்சினுக்குள்ளிருந்து பார்த்தவர்கள் குறைவு. நாங்கள் பார்ப்பது கேட்டுக்கு வெளியிலிருந்து. கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. ஆலைப் பக்கத்து ரயில்வே கேட்டைத் தெரியாதவர்கள் புதுச்சேரியில் இருக்க முடியாது.

போன வாரம் என் மகனைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும்போது கேட் மூடிவிட்டார்கள். வழக்கம்போல இரண்டு பக்கத்திலும் சாலையின் முழு அகலத்துக்கும் வண்டிகள் அடைத்துக்கொண்டன. திறந்ததும் எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டு நிற்போம் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் ஒருவரும் ஒதுங்க மாட்டார்கள், நான் உட்பட. ஸ்கூட்டரில் முன்னால் நின்றிருந்தவனுக்கு நேரம் போகட்டும் என்று கைப்பேசியில் முன்னோட்டத்தைக் காட்டினேன். முழுதும் பார்த்தான். "அப்பா, இதில் கேட் போட்டால் நாம் எங்கே நிற்போம்?" என்று கேட்டான்.

நாம் உள்ளே, ஓட்டுகிறவர் நாம்தான் என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. "அப்புறம் எப்படிப் பெட்டியை எண்ணுவது?" என்றான். அதற்குள் வண்டி வந்துவிட்டது. அடுத்து நிலையம்தான் என்பதால் மெதுவாகத்தான் வரும், எண்ண வசதி. கைப்பேசியை என் கையில் திணித்துவிட்டு எண்ணத் தொடங்கினான்.

புதுச்சேரியில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. 1879இல் விழுப்புரத்திலிருந்து வந்த கிளைப்பாதை, 38 கிலோமீட்டர், அதற்கு மேல் போக வழியில்லை. அதனால் வந்த எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாக மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். சின்ன வயதில் தேவாலயத்துக்குப் போகிற சாக்கில் நிலையத்துக்குள் நுழைந்து அதைத்தான் பார்ப்பேன். ஒருவர் பெட்டிகளுக்கு இடையில் குனிந்து நுழைவார், கொக்கி ஒலிக்கும், காற்று சீறும், கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். புதிய விளையாட்டில் அதைச் செய்ய விட்டால் மழையும் வைப்பரும் எனக்கு வேண்டாம்.

முதுநகர் பழையவன்:

ஆசைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'விரைவில்' என்ற சொல்லை நம்பி நான் பட்டது போதும்.

மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர் 2001இல் வந்தது. கடலூரில் லாரன்ஸ் சாலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் முதலில் பார்த்தேன். இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் பாதையும் ஜப்பானில் மலையேறும் ஹிசாட்சு பாதையும் அதில் உண்டு, இந்தியப் பாதை ஒன்றுகூடக் கிடையாது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? இந்திய டீசல் எஞ்சின்களையும் பெட்டிகளையும் தாங்களே வரைந்து இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரு எஞ்சினைப் பதிவிறக்க அரை மணி நேரம் ஆகும், மணிக்கு இத்தனை ரூபாய் என்று மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் பாகம் வரும் என்று 2003இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். 2007 ஜனவரியில் மறுபடி அறிவித்தார்கள். படங்கள் வந்தன. இனி கவலையில்லை என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விழுப்புரம்–மயிலாடுதுறை மீட்டர் கேஜ் பாதையை 2006 கடைசியில் அகலப்பாதையாக மாற்ற மூடினார்கள் அல்லவா? அப்போது நான் சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு போவேன். சாலை தண்டவாளத்தை நெருங்கும் இடங்களில் குனிந்து பார்ப்பேன். முதலில் தண்டவாளத்தைப் பிடுங்கியிருந்தார்கள், அப்புறம் வெறும் ஜல்லி, அப்புறம் புல். நாளெல்லாம் இரண்டுக்காகக் காத்திருந்தேன், ஒன்று ரயில், இன்னொன்று ரயில் விளையாட்டு.

2009 ஜனவரியில் அந்த விளையாட்டைச் செய்துகொண்டிருந்த ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். 2010இல் நம் பாதையில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அரசாங்க வேலை ஆமை வேகம் என்று பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தபோது எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து கணினி நனைந்தது. சேர்த்து வைத்திருந்த மீட்டர் கேஜ் எஞ்சின்கள் அத்தனையும் அதோடு போயின. கொடுத்தவர்களின் தளங்களும் இன்று இல்லை. நிஜத்தில் ஒரு தடவை போனது, கணினியில் இன்னொரு தடவை போயிற்று.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருத்தி:

அண்ணன்களுக்கு வணக்கம். நான் விளையாடுவது குறைவு, விளையாட்டுக்குள் பாதை போடுவதுதான் என் வேலை. விழுப்புரத்திலிருந்து கடலூர் வரைக்கும் ஓபன் ரெயில்ஸுக்காகச் செய்துகொண்டிருக்கிறேன். பண்ருட்டி, மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம் ஒருவாறு முடிந்தன. பிளாட்பாரங்களை நடந்து அடி எண்ணி அளந்தேன். கரும்பாலைப் புகைபோக்கியை நிறுத்திவிட்டேன், அரவைக் காலத்தில் ஊர் முழுக்க அடிக்கும் அந்த வாசனைக்குத்தான் வழி தெரியவில்லை.

திருப்பாதிரிப்புலியூர்ப் பெயர்ப்பலகை என்னை ஒரு வாரம் படுத்தியது. மஞ்சள் பலகையில் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் அந்தப் பெயரை எழுதிப் பாருங்கள். எழுத்தைச் சிறிதாக்கினால் எஞ்சினிலிருந்து படிக்க முடியாது, பெரிதாக்கினால் 'யூர்' வெளியே போய்விடுகிறது. கடைசியில் நேரில் போய்ப் பலகையைப் படமெடுத்துக்கொண்டு வந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு கேட்டை நான் பல கோணங்களில் படம் எடுப்பதைப் பார்த்து கேட்கீப்பர் வந்து, எதற்கம்மா என்று சந்தேகமாகக் கேட்டார். மடிக்கணினியைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது நம் கேட்தான். இங்கே ஒரு புளியமரம் இருக்க வேண்டுமே?" என்றார். உண்மைதான், விட்டுவிட்டேன். அடுத்தது, "நான் எங்கே?" அங்கேதான் வந்தது வினை. என்னிடம் இருந்த மனிதப் பொம்மைகள் எல்லாம் அயல்நாட்டிலிருந்து வந்தவை. கேட்டுக்குப் பக்கத்தில் நான் நிறுத்தியிருந்தது நீளமான கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்காரரை. நெல்லிக்குப்பத்து வெயிலில்! கேட்கீப்பர் சிரித்த சிரிப்பில் அடுத்த வண்டிக்கு மணி அடித்ததை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றிரவே கோட்டை அழித்துக் காக்கிச் சட்டை வரைந்தேன். கையில் பச்சைக் கொடி. மரமும் நட்டாயிற்று.

முன்னோட்டத்தைப் பார்த்து எனக்கு வந்த கேள்வி ஒன்றே ஒன்று. பாதை போடும் கருவியை நம் கையில் கொடுப்பார்களா? கொடுக்காவிட்டால் அவர்கள் விற்கும் பாதையில்தான் ஓட்ட வேண்டும், அதில் எந்தக் காலத்திலும் வரக்கால்பட்டு மாதிரி நம் சின்ன நிலையங்கள் வராது.

வில்லியனூர்வாசி:

முன்பதிவு செய்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

முதுநகர் பழையவன்:

வில்லியனூர்த் தம்பி, அறிமுக விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த வகை விளையாட்டுகளில் பெட்டி தனி, எஞ்சின் தனி, பாதை தனி என்று அப்புறம்தான் கணக்கு ஏறும். வீட்டில் சொல்வதாக இருந்தால் முதல் பில்லோடு சொல்லிவிடுங்கள்.

நெல்லிக்குப்பம் தங்கைக்கு: என்னிடம் 90களில் முதுநகர் சந்திப்பில் எடுத்த மூன்று புகைப்படங்கள் இருக்கின்றன. மீட்டர் கேஜ் வண்டி நிற்கிறது. ஓரத்தில் கரையான் அரித்திருக்கிறது, ஆனால் சிக்னல் கம்பம் தெளிவாகத் தெரியும். பயன்படுமா?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருத்தி:

அனுப்புங்கள் அண்ணா. கரையானோடு அனுப்புங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்க்காரன்:

நேற்று மாலை மாமா மறுபடியும் வந்தார். செய்தித்தாள் கேட்கவில்லை, நேராகக் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். என்னைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார். "நீ அசிஸ்டென்ட். சிக்னலைப் பார்த்ததும் சொல். வாய்க்குள் முனகாதே."

சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். கேட் வரும் இடத்திலெல்லாம் இடைவெளி விசையை நீளமாக அழுத்தினார், அதுதான் ஹாரன். உள்ளறையில் படுத்திருந்த என் அம்மா, "எந்த வண்டி? உழவன் எக்ஸ்பிரஸா?" என்று கேட்டாள். இந்த முறை பிளாட்பாரத்துக்குள் இரண்டு பெட்டி குறைவாக நின்றோம். தாண்டிப் போவதற்கு இது மேல் என்றார்.

எழுந்திருக்கும்போது புதிய விளையாட்டு எந்த மாதம் வருகிறது என்று விசாரித்தார். எதற்கு மாமா என்றேன். வலது கண்ணில் புரையாம், ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வருகிறாராம். "அதற்குள் முடித்துக்கொள்கிறேன். இன்றைக்கு நீ சொன்ன மஞ்சளில் இரண்டு எனக்குத் தெரியவே இல்லை."