போர்வை மேலே போகப் போகக் குறுகுகிறது, பிரிக்கத்தான் வேண்டுமா?

கோவைக்கிளி:
தங்கச்சிக்கு மாசியில் குழந்தை பிறக்கப் போகிறது. அம்மா இருந்திருந்தால் பழைய நூல் புடவையை நாலாக மடித்துத் தைத்துக் கொடுத்திருப்பார். எனக்குத் தையல் வராது, குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) மட்டும் தெரியும். இளமஞ்சள் உல்லன் நூலில், 4 மி.மீ. ஊசியில் ஒரு போர்வை தொடங்கினேன். முதல் வரிசையில் 121 டிரெபிள் (உயரமான கண்ணி). இப்போது 17-ஆவது வரிசையில் எண்ணினால் 105 தான். இரண்டு ஓரமும் சரிந்து கோபுரம் மாதிரி ஆகிவிட்டது. பத்து நாள் உழைப்பு. பிரிக்காமல் சரிசெய்ய வழி உண்டா? அப்புறம், உல்லன் குழந்தைக்குக் குத்துமா?

குன்னூர் அத்தை:
எண்ணிப் போட்டது நல்லதாயிற்று, விடை அதிலேயே இருக்கிறது. வரிசை முடிந்து 16 தடவை திருப்பியிருக்கிறாய், 16 குறைந்திருக்கிறது. திருப்பும்போது 3 சங்கிலிக் கண்ணி போடுகிறாய் அல்லவா, அதுவே அந்த வரிசையின் முதல் டிரெபிள். அடுத்த வரிசை முடியும் இடத்தில், அந்தச் சங்கிலியின் உச்சியில்தான் கடைசி டிரெபிளைப் போட வேண்டும். ஓரத்தில் ஒடுங்கி இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, எல்லோரும் அங்கேதான் விடுவார்கள். மூன்றாவது சங்கிலியில் ஒரு சேஃப்டி பின் மாட்டிவை, தப்பவே தப்பாது. (அமெரிக்க வீடியோ பார்த்தால் கவனம், நம் டிரெபிளை அவர்கள் டபுள் குரோஷே என்பார்கள்.)

பிரித்துவிடு கண்ணு. ஓரத்தில் கூட்டிக் கூட்டி ஒப்பேற்றினால் அந்தச் சரிவு அப்படியே நிற்கும். மறுபடி தொடங்கும்போது அடிச் சங்கிலியை மட்டும் 4.5 ஊசியில் போடு, அடி இழுக்காது. அகலம் 40 அங்குலம் வை. 2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வை செய்து கின்னஸில் ஏறினார்களே, அதற்கு ஒவ்வொருவரும் பின்னியது 40 அங்குலச் சதுரம்தான். என் பேத்திக்கும் அதே அளவில் பின்னினேன், மூன்று வயதிலும் இழுத்துக்கொண்டு திரிந்தாள்.

நூலை மொத்தமாக, ஒரே லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்டது) பார்த்து வாங்கு. பேரனுக்குப் பின்னும்போது நடுவில் தீர்ந்து வேறு லாட் வாங்கினேன். வெயிலில் விரித்தால் ஒரு பட்டை தனியாகத் தெரிகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மதுரைச் செவிலி:
அக்கா, கடையில் உல்லன் என்று தருவது பெரும்பாலும் அக்ரிலிக். மென்மையாக இருந்தால் குத்தாது, ஆனால் வியர்வையை உறிஞ்சாது. மாசி போனால் பங்குனி வெயில், பருத்தி நூலே நல்லது. கொஞ்சம் கனக்கும், பரவாயில்லை. பின்னல் நெருக்கமாக இருக்கட்டும், பெரிய ஓட்டையில் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். ஒன்று மட்டும் தங்கச்சியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ஒரு வயது வரை, தூங்கும் குழந்தைமேல் தளர்வான போர்வை போடக் கூடாது, முகத்தை மூடிவிடும். மடியில் விரித்துக் கொஞ்சலாம், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு தரையில் விரித்துக் குப்புறப் போடலாம்.

கோவைக்கிளி:
பிரித்தாயிற்று. நான் இழுக்க இழுக்க அவர் உருண்டையாகச் சுற்றினார், இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பருத்தியில் அதே மஞ்சள் கிடைத்தது, ஒரே லாட். 6 வரிசை முடிந்தது அத்தை, ஒவ்வொன்றையும் எண்ணினேன், ஒன்றுகூடக் குறையவில்லை.